மின்மினிக்கு ஒரு வக்காலத்து

“மின்மினி இருந்தால் என்ன, போனால் என்ன ஸார்?” என்று கேட்டார் என் அடுத்த வீட்டு நண்பர்.

ஐயப்பன்தாங்கலில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் கோடியில் ஒரு துண்டு ஈர நிலம் தப்பிப் பிழைத்திருக்கிறது. கோரையும் நத்தையும் தேங்கிய மழைநீருமாக இருக்கும் அந்த இடத்தைச் சுற்றி நாலு ராட்சத விளக்குகள் நட வேண்டுமென்று குடியிருப்போர் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். நான் எழுந்து, “மழை விட்ட இரவுகளில் அங்கே இன்னும் பத்துப் பன்னிரண்டு மின்மினிகள் தென்படுகின்றன. விளக்கு வந்தால் அவை போய்விடும்” என்றேன். கூட்டம் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் வந்ததுதான் மேலே கண்ட கேள்வி. கதை எழுதுகிறவனுக்குச் சபையில் பதில் வராது; வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் வரும். அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் முதல் நாவலில் ஓர் அரைகுறைப் பண்டிதரை வர்ணிக்கும்போது, அவருடைய அறிவு மின்மினி வெளிச்சம் என்று எழுதிப் பாராட்டு வாங்கியவன் நான். நம் பாஷையில் அற்பத்துக்கு மறுபெயர் மின்மினி. சூரியனுக்கு எதிரே அதை நிறுத்தி அவமானப்படுத்துவோம். பஞ்சதந்திரத்துக் குரங்குகள் அதை நெருப்பென்று எண்ணிச் சுள்ளி அடுக்கி ஊதின, சூடு வரவில்லை. ‘அது நெருப்பல்ல’ என்று புத்தி சொன்ன பறவையைக் கொன்றன. அந்தக் குரங்குகளைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, சூடில்லாமல் வெளிச்சம் எப்படி வருகிறது என்று நாம் கேட்டோமா?

கேட்டவர் ரபேல் துபுவா என்ற பிரெஞ்சுக்காரர். 1885 முதல் 1887 வரை ஒளிரும் வண்டுகளையும் சிப்பிகளையும் வைத்துச் சோதனை செய்தார். ஒளி தரும் உறுப்பைக் குளிர்ந்த நீரில் அரைத்தார்; கரைசல் சற்று நேரம் ஒளிர்ந்து அணைந்தது. இன்னொன்றை வெந்நீரில் இட்டார், அதில் ஒளியில்லை. இருண்டு கிடந்த இரண்டையும் ஒன்றாக ஊற்றினார். வெளிச்சம் பிறந்தது! முதல் கரைசலில் எரிபொருள் தீர்ந்து, அதை ஒளியாக மாற்றும் நொதி மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டாவதில் சூட்டினால் நொதி கெட்டு, எரிபொருள் மிஞ்சியிருந்தது. எரிபொருளுக்கு லூசிபெரின் என்றும், நொதிக்கு லூசிபரேஸ் என்றும் பெயர் வைத்தார்.

அடுத்து வந்தவர் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வில்லியம் மெக்எல்ராய். சிறுவர்களுக்குக் காசு கொடுத்து மின்மினிகளைப் பிடித்துவரச் சொன்ன மனிதர். மின்மினி ஒளிர வேண்டுமானால் ஏ.டி.பி. என்ற பொருளும் வேண்டும் என்று 1947-ல் அவர் காட்டினார். உயிருள்ள ஒவ்வொரு செல்லிலும் சக்தியைச் சுமந்து திரிவது அது. செல் செத்தால் அதுவும் அழிந்துபோகும். அப்படியானால், அற்பம் என்று நாம் ஒதுக்கிய அந்த ஒளிதான் ‘இங்கே உயிர் இருக்கிறது’ என்பதற்குச் சாட்சி.

“சரி ஸார், இதனால் மனிதனுக்கு என்ன பிரயோஜனம்?” என்பீர்கள். சொல்கிறேன்.

என் சித்தப்பா காசநோயில் போனார். கொடுத்த மருந்து அவரிடம் பலிக்கவில்லை. கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்த்துச் சொல்ல அந்த நாளில் வாரக்கணக்கில் ஆகும். நாங்கள் காத்திருந்தோம். சோதனை முடிவு வந்தபோது அதைக் கேட்டுக்கொள்ள அவர் இல்லை.

1993-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மின்மினியின் லூசிபரேஸ் ஜீனை, அந்தக் கிருமியைத் தாக்கும் ஒரு வைரஸுக்குள் வைத்து அனுப்பினார்கள். பிறகு லூசிபெரினைச் சேர்த்தால் உயிரோடிருக்கும் கிருமி ஒளிரும். மருந்து கொடுத்த பின்னும் ஒளிர்ந்தால் மருந்து பலிக்கவில்லை என்று அர்த்தம். இந்த முறையை எடுத்துப் பரீட்சித்து, புதிய வைரஸ்களையும் உருவாக்கியவர்கள் எங்கே இருந்தார்கள்? நம் சென்னையில், சேத்துப்பட்டில், 1956-ல் தோன்றிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில்! இன்று விரைவான சோதனைக்கு வேறு முறைகள் வந்துவிட்டன என்பது வாஸ்தவம். ஆனால் மனிதன் அவசரத்தில் தவித்தபோது அற்பப் பூச்சியிடம் விளக்கைக் கடன் வாங்கினான் என்பதும் வாஸ்தவம்தானே?

“அதுதான் நொதியைச் சோதனைச்சாலையிலேயே தயாரிக்கிறார்களே, பூச்சி எதற்கு?” என்று ஒரு படித்த இளைஞர் கேட்டார். கடனைத் தீர்க்காமலே கடன் கொடுத்தவனைத் துரத்துகிற நியாயம் இது. மெக்எல்ராய் மின்மினிகளை வாங்கியது காசநோய்க்காக அல்ல. எந்த ஜந்து நாளை எதற்கு உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல யாரால் முடியும்? எதற்குமே உதவாவிட்டால்தான் என்ன? ஈர மண்ணில் புழுவாக நத்தையைத் தின்று வளர்ந்து, சிறகு முளைத்தபின் சில வாரங்களே வாழ்கிற பிராணி அது. அதற்குள் ஆண் தன் ஒளியால் கூப்பிட வேண்டும். பெண் பதில் சொல்ல வேண்டும். விளக்கை அதன்மேல் கொட்டினால் அந்தப் பேச்சு காதில் விழாமல் போகிறது.

2022-ல் ஆனைமலைக் காட்டில் மின்மினிகள் பெருந்திரளாக ஒரே தாளத்தில் ஒளிர்ந்த படத்தை இதே நண்பர்தான் செல்போனில் எனக்குக் காட்டி, “ஆகா!” என்றார். ஆனைமலையில் அதிசயமாக இருப்பது ஐயப்பன்தாங்கலில் வேண்டாத பூச்சியாகிவிடுமா?

ஒரே ஒரு ஆட்சேபத்துக்கு மட்டும் நான் தலை வணங்குகிறேன். “இருட்டில் பெண்கள் எப்படி நடப்பது?” என்று ஓர் அம்மாள் கேட்டார். நியாயம். பாதைக்கு விளக்குப் போடுங்கள். நானும் பணம் தருகிறேன். ஆனால் வெளிச்சம் தரையில் விழும்படி விளக்குக்கு மூடி போடுங்கள். பாதையில் நடக்கிறவர்களுக்குத்தான் விளக்கு. கோரைப் புல்லுக்கு எதற்கு?

பழவந்தாங்கல், வேடந்தாங்கல், ஐயப்பன்தாங்கல்: தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி. நம் ஊரின் பெயரிலேயே ஈரம் இருக்கிறது. ஊரில்தான் குறைந்துகொண்டு வருகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். சிரிக்க நினைப்பவர்கள் சனிக்கிழமை இரவே ஒரு தடவை தெருக் கோடிக்கு வாருங்கள். செல்போனை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை பத்து நிமிஷம் என்னோடு நில்லுங்கள். அதற்குப் பிறகு தீர்மானத்துக்குக் கை தூக்கலாம்.