காற்றை எண்ணியோர் வெயிலையும் எண்ணட்டும்!

2015 டிசம்பரில் அடையாறு கரை கடந்தது; ஈக்காட்டுத்தாங்கல், கிண்டிப் பட்டறைகளில் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அம்பத்தூர் தொழிற்பேட்டை வெள்ளக்காடானது. லேத்துகளும் மோட்டார்களும் நீரில் நின்றன. தொழிலாளி வேலையின்றி நின்றான். இருமுறையும் நம் காதில் விழுந்த பதில் ஒன்றே: "இயற்கையின் சீற்றம்; யார் என்ன செய்ய முடியும்?"

முதல்முறை சொன்னார்கள், கேட்டுக்கொண்டோம். எட்டாண்டு கழித்தும் அதே பதிலா? பூமி சூடேறுகிறது, சூடேறிய காற்று கூடுதலாக நீராவியைச் சுமக்கிறது, பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. வரும் என்று தெரிந்தபின் வந்த வெள்ளத்தை எதிர்பாராதது என்பதா? எதிர்பார்க்க மறுத்தது என்போம் நாம்!

வெள்ளம் சில நாளில் வடியும். வெயில் வடியுமா? 2030-ல் வெப்பத்தால் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8 விழுக்காட்டை இழக்கும், அது 3 கோடியே 40 லட்சம் பேரின் முழுநேர வேலைக்குச் சமம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-லேயே கணக்கிட்டது. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு 2024-ல் அறிவித்தது. உலைமுன் நிற்பவனும், சாரத்தில் ஏறுபவனும், செங்கல் சுமப்பவளும் சுருண்டு விழுந்தால், அந்த நாளின் கூலி யார் கணக்கில்?

முதலாளிகளுக்குக் கணக்குத் தெரியாது என்று நாம் சொல்லமாட்டோம். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும், பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் பல்லடம், உடுமலைப் பக்கத்திலும் பஞ்சாலைக்காரர்கள் காற்றாலை நட்டார்கள். தங்கள் மின்சாரத்தைத் தாங்களே விளைத்தார்கள். செலவும் குறைந்தது, புகையும் குறைந்தது. இன்று தமிழகக் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: கணவாயில் வீசும் காற்றை அளக்கத் தெரிந்தவர்களுக்குக் கூரைத் தகட்டின்கீழ் தகிக்கும் அனலை அளக்கத் தெரியாதா?

சிறு பட்டறைக்காரரின் நிலையும் நாம் அறிவோம். கடன் வாங்கி லேத் போட்டவர், தரையை உயர்த்தப் பணத்துக்கு எங்கே போவார்? அவரிடம் உதிரிபாகம் வாங்கும் பெரிய கம்பெனி, குறித்த நாளில் சரக்கைக் கேட்கிறது. அவர் வெள்ளத்திலிருந்து தப்பும் செலவைச் சேர்த்து விலை கொடுக்கட்டும். தொழிற்பேட்டையின் வடிகாலைச் சீர்செய்வது சர்க்காரின் கடமை. அதை மழை வருமுன் செய்யட்டும்.

தோழர்களே! அடுத்த ஒப்பந்தப் பேச்சில் கூலி, போனசோடு இவற்றையும் சேருங்கள்: உச்சி வெயிலில் ஓய்வு, அதற்குக் கூலி; குடிநீர், நிழல், காற்றோட்டம்; இயந்திரத்துக்கு மேடை; வெள்ளத்தால் ஆலை மூடிய நாளுக்கும் சம்பளம். இயந்திரத்துக்கு இன்ஷ்யூரன்ஸ் உண்டு. அதை இயக்கும் கைக்கு? இதற்குப் பதில் வாங்காமல் மேசையைவிட்டு எழாதீர்கள்!