மெருகு வேண்டாத கல்

எமது கல் சேர்க்கும் பித்தை நன்கறிந்த நண்பரொருவர், இரத்தினபுரிக்குச் சென்று மீண்டபோது குவாட்சுக் கற்கள் இரண்டைக் கொணர்ந்து தந்தார். ஒன்று ஆற்றிலே உருண்டுருண்டு கூழாங்கல்லானது. மற்றது ஆறு பட்டைகளும் கூரிய நுனியும் கெடாத பளிங்கு.

ஆர்வ மிகுதியால் இரண்டையுமே மெருகிடத் துணிந்தோம். சிலிக்கன் காபைட்டுத் தூளை நீரிற் குழைத்துக் கண்ணாடித் தட்டிற் பரப்பி, முதலிற் பருந்தூள், பின்னர் நுண்ணிய தூள், ஈற்றில் தோலின்மேல் சீரியம் ஒட்சைட்டு எனப் பல மாலைகள் தேய்த்தோம். (நீரின்றித் தேய்த்தல் கூடாது, எழுந்திடும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பருந்தூளில் ஒரு மணி தோலில் ஒட்டினாலோ, மறுபடியும் முதலிலிருந்து! அதனால் வீட்டில் எமக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கு எழுதுவதற்கில்லை.)

கூழாங்கல் நீர்த்துளிபோலத் தெளிந்தது. பளிங்கும் பளபளக்கவே செய்தது; ஆனால், அதன் பட்டைகளிற் குறுக்காக ஓடிய மெல்லிய வரிகளைக் காணோம். அவை கீறல்களல்ல, கல் வளர்ந்தபோது தானே இட்டுக்கொண்டவை. விளிம்புகளும் மழுங்கிவிட்டன. குவாட்சுப் பளிங்கு பெரிதாயினும் சிறிதாயினும் அதன் முகங்களிடையேயுள்ள கோணங்கள் மாறா என்பதை, 1669 இல் டென்மார்க்கு நாட்டறிஞர் ஸ்டெனோ எடுத்துக்காட்டினார். அடுத்தடுத்த பக்கப் பட்டைகளிடையே அது 120 பாகை. எமது கல்லிலே அதை இனி அளக்கவியலாது.

இப்போதெல்லாம் ஆற்றில் உருண்ட கற்களை மட்டுமே தேய்க்கிறோம். முகங் கெடாதவற்றைப் பழைய பற்தூரிகையாற் கழுவுவதோடு சரி.

நண்பர் மறுமுறை வந்து கற்களைக் கேட்டார். கூழாங்கல்லை மட்டும் எடுத்துக் காட்டினோம்.