இடையளவும் ஊதியமும்

“உடம்பைக் குறைப்பதற்குக் காசு எதற்கு? விடியலில் எழுந்து நடந்தாற் போதாதா?” என்று வினவுவோர் இன்று பெருகிவிட்டனர். சுகாதாரக் கருத்தரங்குகளிலும் பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்புகளிலும் இவ்வினா ஓயாது ஒலிக்கின்றது. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கின்றது. ஆயின் வினாவுக்குள்ளே ஒரு தீர்ப்பு மறைந்து கிடக்கின்றது. நடை இலவசமாயின் நடவாதவன் சோம்பேறி; சோம்பேறியாயின் அவனுக்கு வரும் நீரிழிவும் மாரடைப்பும் அவனே தேடிக்கொண்டவை; சமுதாயத்துக்கு அதிற் பங்கில்லை. இத்தீர்ப்பையே நாம் மறுக்கின்றோம்.

உடலைத் திடமாக்குவதற்குப் பெரும்பணம் வேண்டும் என்பதும் பொய்யே. அப்பொய்யை விற்றே ஒரு வியாபாரம் நடைபெறுகின்றது. குளிரூட்டிய மண்டபத்தில் ஓடும் பட்டியின் மீது நின்ற இடத்திலேயே ஓடுவதற்கு மாதக் கட்டணம். தசை வளர்ப்பதற்கு டப்பாவில் அடைத்த புரதமா. அம்மாவின் ஒரு பெரிய கரண்டியில் உள்ளதாக விளம்பரஞ் செய்யப்படும் புரதம், நமது அடுப்படியில் இருக்கும் 100 கிராம் மைசூர்ப் பருப்பில் ஏறத்தாழ அவ்வளவே உண்டு. பருப்பில் மாச்சத்தும் கூடவே வருகின்றது என்பது மெய்; சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்துக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும். தோப்புக்கரணத்துக்கும் தண்டாலுக்கும் எவருக்கும் கட்டணஞ் செலுத்த வேண்டியதில்லை.

சீனியின் கணக்கு இன்னும் தெளிவானது. கோப்பைக்கு மூன்று கரண்டி வீதம் நாளுக்கு ஐந்து கோப்பைத் தேநீர் அருந்துபவர் ஏறத்தாழ 60 கிராம் சீனி, அதாவது 240 கலோரி, உட்கொள்கின்றார். ஒரு மணி நேரம் மிதமான வேகத்தில் நடந்தாலே அவ்வளவு செலவாகும். நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2015 இல் வகுத்த உச்ச எல்லையோ 50 கிராம். ஆகவே சீனியைக் குறைப்பவருக்கு எடையுங் குறையும், கையிற் காசும் மிஞ்சும். இதைவிட மலிவான வைத்தியம் வேறில்லை.

இவ்வளவு மலிவாயின் மக்கள் ஏன் இதனைச் செய்வதில்லை? உபதேசிகள் இவ்விடத்தில் “அறியாமை” என்று கூறி ஓய்ந்துவிடுகின்றனர். நாம் இவ்விடத்திலேதான் தொடங்க வேண்டியுள்ளது. பாணும் சம்பலும் மட்டுமே மதிய உணவாக அமைந்த தொழிலாளிக்கு அந்த இனிப்புத் தேநீர் ஒரு பானமன்று. உணவின் மற்றப் பாதி. மலிவாகப் பசியாற்றும் பண்டங்கள் மாவும் சீனியும் எண்ணெயுமே. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலைகள் முந்திய ஆண்டை விட ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தன. அந்நாட்களில் ஏழையின் தட்டிலிருந்து முதலில் மறைந்தவை முட்டையும் மீனும் பாலும். எஞ்சிய தட்டைப் பார்த்து, “மாச்சத்தைக் குறையுங்கள்” என்று அறிவுரை கூறுவதற்கு ஒரு தனித் துணிவு வேண்டும்.

உடலுழைப்பின் பயனை உலகுக்குத் துலக்கிக் காட்டிய ஆராய்ச்சி எதுவென்று நோக்குவோம். ஜெரி மொறிஸ் என்ற ஆங்கில வைத்திய அறிஞர் 1953 இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் இலண்டன் பஸ் தொழிலாளரைப் பற்றி எழுதினார். இரட்டைத் தட்டு பஸ்ஸில் நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநரை விட, இருக்கையை விட்டெழாத சாரதிகளுக்கே இருதய நோய் மிகுதியாகக் கண்டது. சாரதிகளின் சீருடைக் காற்சட்டைகள் இடையிற் பெரியனவாக இருந்தமையையும், வேலைக்குச் சேர்ந்த இளம் பருவத்திலேயே அவ்வேறுபாடு இருந்தமையையும் அவர் 1956 இல் மறையாது எடுத்துரைத்தார். நேர்மையான அறிஞரின் போக்கு அதுவே. அவ்விரு சாராரிலும் எவரும் உடற்பயிற்சி நிலையத்துக்குச் சென்றதாக ஆராய்ச்சி பேசவில்லை. ஒருவனை இயக்கியதும் மற்றவனை இருத்தியதும் தொழிலே.

இன்று நடைப்பயிற்சியைப் போற்றுவோர் மொறிஸின் இப்பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கின்றனர். மறுபாதி அவர்களுக்கு உவப்பானதன்று. வர்க்க வேறுபாடு உயிரைக் குடிக்கின்றது என்று காட்டிய பிளாக் அறிக்கையைத் தயாரித்த நால்வருள் அவரும் ஒருவர். 1980 இல் தட்சர் அரசாங்கம் அவ்வறிக்கையை விடுமுறை வாரத்தில், 260 பிரதிகள் மட்டுமே எடுத்து, ஓசையின்றி வெளியிட்டது. மொறிஸ் அத்துடன் ஓயவில்லை. தொண்ணூறு வயதை எட்டிய 2000 ஆம் ஆண்டில், ஓர் இளைஞன் உடல்நலத்தோடு வாழ்வதற்கு வாரம் எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்கிட்டு வெளியிட்டார். உணவும் வாடகையும் மட்டுமன்றி, உடலை இயக்குவதற்கான செலவும் நண்பரோடு பழகுவதற்கான செலவும் அக்கணக்கில் இடம்பெற்றன. உடலுழைப்பின் பயனைக் கண்டறிந்த அதே மனிதர், அதற்கொரு விலையுண்டு என்றும், அவ்விலை ஊதியத்திலிருந்தே வரவேண்டும் என்றும் கண்டார்.

நம் நாட்டில் அவ்விலை பெரும்பாலும் பணமாக அறவிடப்படுவதில்லை. நேரமாகவும் நிலமாகவும் அறவிடப்படுகின்றது. கட்டுநாயக்கா வர்த்தக வலயத்தில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் அமர்ந்திருந்து, மிகைநேர வேலையும் முடித்து, இருண்ட பின் விடுதி அறைக்குத் திரும்பும் பெண் எங்கே நடப்பாள்? நடைபாதையற்ற வீதியிலா, விளக்கற்ற ஒழுங்கையிலா? கொழும்பு 7 இல் சுதந்திரச் சதுக்கத்தைச் சுற்றி நடப்பதற்கு நேர்த்தியான பாதையும் மர நிழலும் உண்டு. ஆயின் அவற்றை நாடி வருவதற்கு பஸ் கட்டணமும் ஓய்ந்த ஒரு மாலையும் வேண்டுமல்லவா?

அரசாங்கத்துக்கு இவையெல்லாம் தெரியாதவை அல்ல. 2017 நவம்பரில் இனிப்புப் பானங்களிலுள்ள சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் வரி விதிக்கப்பட்டது. 2018 இன் இறுதியில் அது குறைக்கப்பட்டது. தொழிலாளியின் மன உறுதியைப் பற்றிப் பேசுவோர், அரசின் மன உறுதி ஓராண்டளவே நிலைத்ததைப் பற்றிப் பேசுவதில்லை.

நமது அணியினருக்கும் ஒரு வார்த்தை. “சமுதாயம் மாறிய பின் உடம்பைப் பார்ப்போம்” என்று இனிப்புத் தேநீரும் சிகரெட்டுமாக நள்ளிரவு வரை விவாதிக்கும் தோழர்களை நாம் அறிவோம். அது புரட்சி மனப்பான்மையன்று, வெறும் அசட்டை. நோயுற்ற தோழனின் மருந்துச் செலவு அவன் குடும்பத்தின் தலையிலேதான் விழுகின்றது. சீனியை இன்றே குறைக்கலாம். அதற்கு எந்த வர்க்கத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது வேறொன்றும் உண்டு. புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கியதும் முதலிற் பறிபோவது பிள்ளைகளின் விளையாட்டுப் பாடவேளையே. பறிப்பது வெளியார் அல்லர், நாமே. கிராமத்துக்கென இருக்கும் ஒரே வெளி பாடசாலை மைதானமாகவும், மணியடித்த பின் அதன் படலை பூட்டப்படுவதாகவும் உள்ள இடங்கள் பல. அப்படலையை மாலை ஐந்து முதல் ஏழு வரை ஊர்ப் பெண்களுக்குத் திறந்துவிட வேண்டும், அதற்கு இரண்டு மின்விளக்குகளும் ஒரு காவலாளியும் வேண்டும் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலே தீர்மானங் கொண்டுவருவதற்கு எவர் முன்வருவார்?