தேசிய றக்பி அணி தோற்றது. தெரிவுப் பட்டியலில் வன்னி எங்கே?

2025ஆம் ஆண்டு ஆசிய றக்பி சம்பியன்ஷிப் தொடரில் இலங்கை அணி ஹொங்கொங், தென்கொரியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று அணிகளிடமும் தோற்றது. மூன்று அணிகளையும் வென்ற ஹொங்கொங், 2027இல் அவுஸ்திரேலியாவில் நடைபெறவுள்ள உலகக் கிண்ணத்துக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றது. எமக்கு எஞ்சியது வழக்கமான விவாதம்தான். யாரைச் சேர்த்திருக்க வேண்டும், யாரை விட்டிருக்க வேண்டும், கண்டிக்கு முன்னுரிமையா, கொழும்புக்கு ஓரவஞ்சனையா, பயிற்றுநரை மாற்றுவதா, தெரிவுக்குழுவைக் கலைப்பதா என்று ஒவ்வொரு தோல்விக்குப் பின்னரும் நடக்கும் அதே வாதங்கள்.

இந்த விவாதத்தை நான் வவுனியாவில் இருந்து பார்க்கிறேன். இருபது வருடங்களுக்கு மேல் இம்மாவட்டத்துப் பாடசாலைகளில் உடற்கல்வி படிப்பித்தவன் நான். அந்தக் காலத்தில் என் மாணவர் ஒருவர் கையிலும் ஒரு றக்பி பந்து இருந்ததில்லை. ஆகவே இருபத்துமூன்று பேர் கொண்ட குழாமில் யாருடைய பெயர் விடுபட்டது என்ற கேள்வி என்னை அதிகம் தொடவில்லை. பெயர் எழுதப்படும் இடத்துக்கே வராமல் போனவர்களைப் பற்றித்தான் எனக்கு யோசனை.

தோல்வி புதிதல்ல

2014 மே மாதம் ஜப்பானின் நகோயா நகரில் இலங்கை அணி 132 - 10 என்ற புள்ளிக் கணக்கில் ஜப்பானிடம் தோற்றது. அப்போதும் இதே வாதங்கள்தான் நடந்தன. அது அரசியல் குடும்பத்துப் பிள்ளைகள் இந்த விளையாட்டில் முன்னுக்கு நின்ற காலம். அன்றைய ஜனாதிபதியின் மகன்களான நாமல் ராஜபக்ச, யோசித ராஜபக்ச இருவரும் தேசிய அணிக்கு ஆடியவர்கள். நாமல் அணியின் தலைவராகவும் இருந்தவர். திறமையா, செல்வாக்கா என்ற சந்தேகம் அன்று தெரிவு மேசையை விட்டு அகலவில்லை.

அந்தச் சந்தேகத்துக்குச் சட்டமும் இடம் கொடுக்கிறது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ், வெளிநாடு செல்லும் தேசிய அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். 2017 டிசம்பரில் இந்தியாவுக்குப் புறப்பட்ட கிரிக்கெட் வீரர்கள் சிலர், அமைச்சரின் அனுமதி கிடைக்கவில்லை என்பதற்காக விமான நிலையத்திலிருந்தே திருப்பி அழைக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2023இல் நிலைமை இன்னும் மோசமானது. ஜனவரியில் உதைபந்தாட்டத்துக்கு பீஃபாவும், மே மாதம் றக்பிக்கு உலக றக்பி அமைப்பும், நவம்பரில் கிரிக்கெட்டுக்கு சர்வதேச கிரிக்கெட் பேரவையும் தடை விதித்தன. ஒரே ஆண்டில் மூன்று விளையாட்டுகளில் இடைநிறுத்தப்பட்டோம். நிர்வாகத்தில் அரசியல் தலையீடு என்பதே பிரதான குற்றச்சாட்டு. தடைகள் பின்னர் நீங்கின. ஆனால் மேலே நடந்த இழுபறியில் கீழே பிள்ளைகளைத் தேடும் வேலையை யார் பார்ப்பது?

அணிக்குப் போக இரண்டு வாசல்கள்

ஒருவர் இலங்கை றக்பி அணிக்கு எப்படிப் போகிறார் என்று பார்ப்போம். ஆண்களுக்கான பிரதான கழக லீக் தொடரில் ஆடுவது எட்டுக் கழகங்கள். கண்டி, சீ.ஆர்., ஹெவலொக், சீ.எச். ஆகிய நான்கும் ஒரு பக்கம். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகிய நான்கும் மறுபக்கம். தெரிவாளர்களின் கண் இந்த எட்டுக்கு வெளியே போவது அரிது.

முதல் நான்கு கழகங்களுக்குள் நுழைய வேண்டுமென்றால் பாடசாலைக் காலத்திலேயே பெயர் எடுத்திருக்க வேண்டும். ரோயல், திரித்துவம், இசிபதன, சென். ஜோசப், சென். பீற்றர்ஸ், வெஸ்லி, கிங்ஸ்வூட், தர்மராஜ, வித்யார்த்த, கொழும்பு ஸாஹிரா என்று தலைப் பிரிவில் ஆடும் பாடசாலைகளை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே கொழும்பும் கண்டியும்தான். வடக்குக் கிழக்குப் பாடசாலை ஒன்றின் பெயரை அந்த வரிசையில் காண முடியாது. ரோயலும் திரித்துவமும் பிரட்பி கேடயத்துக்காக 1945 முதல் மோதி வருகின்றன. தாத்தா ஆடிய மைதானத்தில் பேரன் ஆடுகிறான். அது அவர்களின் தவறல்ல. அந்தப் பாரம்பரியம்தான் இந்த விளையாட்டை இந்நாட்டில் உயிரோடு வைத்திருக்கிறது. ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு அது பூட்டிய வாசல்.

இரண்டாவது வாசல் சீருடை. முப்பது வருட யுத்தத்தைக் கண்ட வன்னியில் ஒரு தமிழ்ப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ விளையாட்டுக்காகப் படையில் சேர்வது எவ்வளவு தூரம் நடக்கக்கூடியது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஆக, வன்னிப் பிள்ளைக்கு இரண்டு வாசல்களும் இல்லை.

ஹொங்கொங்கையும் அமீரகத்தையும் பற்றிப் பேசும்போது, அவர்களின் அணியில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் என்று நம்மவர்கள் குறை சொல்வதுண்டு. ஐந்து வருடம் தொடர்ந்து வசித்தவர் அந்நாட்டுக்கு ஆடலாம் என்பது சர்வதேச விதி. அதை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். இதற்குப் பதிலாக நாமும் அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் உள்ள இலங்கை வம்சாவளியினரைக் கொண்டுவரலாம் என்ற யோசனையும் எழுகிறது. கொண்டுவரட்டும், மறுக்கவில்லை. மெல்பேர்ணில் ஆள் தேடுகிறவர்கள் மாங்குளத்திலும் செட்டிக்குளத்திலும் ஒருமுறை தேடிப் பார்த்தால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

பெயர்களை எண்ணும் பழக்கம்

இங்கே நம் சமூகத்துக்கும் ஒரு வார்த்தை. ஓர் அணி அறிவிக்கப்பட்டதும் அதில் எத்தனை முஸ்லிம் பெயர் என்று எண்ணுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. றக்பியில் அப்படி எண்ணுவதற்குப் பெருமையான பெயர்கள் இருக்கின்றன. கண்டி கிங்ஸ்வூட்டில் இருந்து வந்து, கண்டிக் கழகத்தின் தூணாக நின்று, தேசிய அணிக்கும் தலைமை தாங்கியவர் பாசில் மரிஜா. ஹெவலொக் கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆடிய வசீம் தாஜுதீன் 2012 மே மாதம் இறந்தார். முதலில் வீதி விபத்து என்று சொல்லப்பட்ட அந்த மரணம் 2015இல் ஜனாஸா தோண்டி எடுக்கப்படும் அளவுக்குப் போனது. இன்று அவரை நாம் ஒரு வழக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். மைதானத்தில் அவர் எப்படி ஆடினார் என்பதைப் பேசுவோர் குறைவு.

ஆனால் மரிஜா தேசிய அணிக்கு வர வழி அமைத்தது கண்டியும் கிங்ஸ்வூட்டும். அதே திறமையோடு ஒரு பிள்ளை முல்லைத்தீவு நீராவிப்பிட்டியிலோ கிளிநொச்சி நாச்சிக்குடாவிலோ பிறந்திருந்தால் அவன் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். அவனுக்கு அடுத்த ஊரில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் அதே கதைதான். வவுனியா தெற்கில் இருக்கும் சிங்கள விவசாயியின் பிள்ளைக்கும் ஏறத்தாழ அதுதான். ஆகவே இதை முஸ்லிம்களுக்கு இடமில்லை என்ற முறைப்பாடாக வைப்பது சரியல்ல. இது ஊர் சார்ந்த, வசதி சார்ந்த பிரச்சினை. அப்படி வைத்தால்தான் மூன்று சமூகமும் சேர்ந்து கேட்க முடியும்.

எங்கள் ஊர்களுக்கு இதற்கு மேல் ஒரு சுமையும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் ஒரு தலைமுறை புத்தளத்து முகாம்களில் வளர்ந்தது. திரும்பி வந்தபோது காணி துப்புரவாக்குவதா, கிணறு இறைப்பதா, பள்ளிவாசலைத் திருத்துவதா என்றிருந்த நிலையில் மைதானம் கடைசிப் பட்டியலில்தான் இருந்தது. இன்றும் பல ஊர்களில் மைதானம் என்பது மாரியில் தண்ணீர் நிற்கும் ஒரு வெற்றுக் காணி.

வன்னிக்கு றக்பி எதற்கு?

இதைக் கேட்பவர்கள் உண்டு. காணி வேண்டும், வேலை வேண்டும், அதற்குள் றக்பியா என்று. நியாயமான கேள்வி. ஆனால் கொழும்பில் இந்த விளையாட்டு எத்தனையோ சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலையில் இடமும், பின்னர் வேலையும் வாங்கிக் கொடுத்திருக்கிறது. இன்னொன்று, ஜும்ஆ மேடைகளில் இன்று போதைப்பொருள் பற்றிப் பேசாத வாரம் குறைவு. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பதினாறு வயதுப் பிள்ளை எங்கே நிற்பது என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

உடலுரமும் இல்லாமல் இல்லை. வன்னியில் கபடி ஆடாத கிராமம் குறைவு. ஓடி வருபவனை மடக்கிப் பிடித்து நிலத்தில் வீழ்த்துவது கபடியிலும் உண்டு, றக்பியிலும் உண்டு. கிழக்கில் நிந்தவூர் என்ற ஒரே ஊர் தேசிய கபடி அணிக்கு வீரர்களைத் தந்திருக்கிறது. அங்கே அரங்கு கட்டிவிட்டு வீரர்களை உருவாக்கவில்லை. ஒரு கழகம், சில பிடிவாதமான பெரியவர்கள், மாலை நேரத்தில் தவறாத பயிற்சி. அவ்வளவுதான்.

கிரிக்கெட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2012இல் முரளி நல்லிணக்கக் கிண்ணத்துக்காகக் கிளிநொச்சி, மாங்குளம் போன்ற இடங்களுக்குத் தெற்குப் பாடசாலை அணிகள் வந்து ஆடின. யாழ். மத்திய கல்லூரியில் இருந்து வந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2023 ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு ஆடினார், 2024இல் ஐ.பி.எல். வரை போனார். யுத்தம் முடிந்து அதற்கு ஏறத்தாழ பதினான்கு வருடம் எடுத்தது. வடக்கில் நூறு வருடங்களுக்கும் மேலாக ஆடப்படும் கிரிக்கெட்டுக்கே அவ்வளவு காலம் என்றால், இன்னும் வேரூன்றாத றக்பிக்கு இன்று தொடங்கினாலும் பலன் தெரிய ஒரு தலைமுறை ஆகும். அதனால்தான் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன்.

கோடிக்கணக்கில் அரங்கு கேட்கவில்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஒவ்வொரு பயிற்சி நிலையம். பன்னிரண்டு வயது வரை உடல் மோதல் இல்லாத, இடுப்பில் கட்டிய பட்டியைப் பறிக்கும் ஆட்டம். அதற்கு ஒரு பந்தும் சில துணிப் பட்டிகளும் போதும். அதன் பின் எழுவர் றக்பி. பதினைந்து பேர் அணி ஒன்றுக்குப் பாரமான முன்வரிசையும் மைதானத்தில் மருத்துவ வசதியும் வேண்டும், அது பிறகு வரட்டும். தமிழில் பயிற்றுநர் பாடநெறி ஒன்று வேண்டும். முக்கியமாக, வடமாகாண மெய்வல்லுநர் போட்டிக்கு றக்பித் தெரிவாளர் ஒருவர் வந்து உட்கார வேண்டும். குண்டு போடுபவன், 100 மீற்றர் ஓடுபவன், கபடியில் பிடிப்பவன் ஆகியோரின் பெயர்களை எழுதிக்கொண்டு போக வேண்டும்.

நானும் ஒரு தெரிவாளன்

கடைசியாக, என் கணக்கையும் சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு மாணவன் இருந்தான். அகன்ற தோள், கனத்த கால். குண்டு போடுவதில் வலயத்தில் முதலிடம், மாகாணத்தில் இரண்டாமிடம். உயர்தரம் எழுதிய பின் பயிற்சியைத் தொடரட்டுமா என்று என்னிடம் வந்து கேட்டான். வாப்பா இல்லாத பிள்ளை, உம்மாவுக்கு உழைத்துக் கொடுக்க வேண்டும். "குண்டு போட்டு என்ன செய்யப் போறாய், போய் ஒரு தொழிலைப் பார்" என்றேன். நல்ல புத்தி சொன்னதாகத்தான் அன்று நினைத்தேன். இப்போது கட்டாரில் வேலை செய்கிறான்.

அங்கே விடுமுறை நாட்களில் றக்பி ஆடுவதைப் பார்க்கப் பழகியிருக்கிறான். இந்தத் தொடர் முடிந்த கிழமை எனக்கு அழைப்பு எடுத்தான். "சேர், முன்வரிசையில நிக்கிறவங்க என்ன மாதிரித்தானே இருக்கிறாங்க? எங்கட ஊருக்கு ஏன் ஒருத்தரும் வரல்ல?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

தெரிவுக்குழு கொழும்பில் மட்டும் இருப்பதாக நாம் நினைக்கிறோம். நேரசூசியில் உடற்கல்விப் பாடத்தை எடுத்துக் கணிதத்துக்குக் கொடுக்கும் அதிபரும், மைதானக் காணியைக் கட்டடத்துக்குக் கேட்கும் நிர்வாக சபையும், பிள்ளையைத் தொழிலுக்குப் போ என்று அனுப்பிவைத்த நானும் தெரிவாளர்கள்தான். எங்கள் தெரிவில் விடுபட்டவனை எந்தத் தேசியத் தெரிவுக்குழுவும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

அடுத்த தோல்விக்குப் பிறகும் விவாதம் நடக்கும். அப்போது யாரை நீக்குவது என்பதோடு, வன்னியில் இருந்து எத்தனை பிள்ளைகள் பயிற்சிக்கு அழைக்கப்பட்டார்கள் என்ற கேள்வியையும் நாம் கேட்போம். அதற்கு முன், இன்று அஸருக்குப் பிறகு நம் ஊர் மைதானத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.