பள்ளித் திறப்புச் செலவு: சீருடை, நோட்டு, புத்தக விற்பனை குறித்துப் பெற்றோர் சங்கத்தின் நிலைப்பாடு

ஜூன் மாதப் பள்ளித் திறப்பில் கட்டணம் ஒரு செலவு; பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, ஷூ, பை மற்றொரு செலவு. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் இரண்டாவதன் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. பாடநூலும் நோட்டும் பையும் காலணியும் வகுப்புக்கேற்ப விலையின்றிக் கிடைக்கின்றன. சத்துணவு சாப்பிடும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை உண்டு. தனியார் பள்ளிகளில் அத்தனையும் பெற்றோர் தலையில். அவற்றைக் குறைந்த செலவில் வாங்க வழிகள் இருக்கின்றன. அந்த வழிகளைப் பள்ளிகளே அடைத்து வைத்திருப்பதுதான் இந்த அறிக்கைக்குக் காரணம்.

வளாகத்துக்குள் கவுன்ட்டர் போட்டு விற்பது, அல்லது ஒரே கடையின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது என்பது தனியார் பள்ளிகளின் நடைமுறை. இவ்வாண்டு சில பள்ளிகளில் சீருடையும் மாற்றப்பட்டதால் பிரச்சினை முற்றியிருக்கிறது. சீருடை என்பது ஏழை வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஒன்றுபோல் வகுப்பில் உட்கார வேண்டும் என்பதற்காக வந்தது. துணியின் நிறம் மட்டும் சொல்லப்பட்ட காலத்தில் ஜவுளிக் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கி, தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்து, பாவாடைக்கு டக் பிடித்துத் தைத்தார்கள். பெண் வளர வளர டக்கைப் பிரித்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் அதே பாவாடை போதும். அக்கா போட்டது தங்கைக்கு வந்தது. இப்போது துணியிலேயே கட்டத்தையும் கோட்டையும் தனியாக நெய்யச் சொல்லி, சட்டைப் பையில் முத்திரை பதித்து, சாக்ஸின் விளிம்பிலும் பள்ளியின் நிறத்தை வைத்துவிடுகிறார்கள். வெளிக்கடையில் அந்தத் துணி கிடைக்காது. வார நாளுக்கு ஒன்று, விளையாட்டு வகுப்புக்கு ஒன்று, ‘ஹவுஸ்’ டி-ஷர்ட் வேறு. இரண்டு, மூன்று ஆண்டுகளில் டிசைனையே மாற்றினால் வீட்டில் உள்ள நல்ல துணியெல்லாம் கந்தலாகிவிடுகிறது. இதற்குக் கல்விக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை, சொல்லவும் முடியாது. பழைய சீருடையில் வந்த குழந்தையை வகுப்புக்கு வெளியே நிறுத்திப் பெற்றோரிடம் பணம் வாங்குவது வசூல் வேட்டை. அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைப்பதைச் சங்கம் ஏற்காது.

புத்தகத்திலும் இதே கதை. சமச்சீர்க் கல்வியின்படி 2011 முதல் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பாடநூல். அதன் விலை அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. பாடத்திட்டம் மாறாதவரை அண்ணனின் புத்தகம் தம்பிக்கு உதவும். ஆனால், அதோடு சேர்த்துக் கட்டப்படும் தனியார் பயிற்சி நூல்களில் விடையை உள்ளேயே எழுத வேண்டும். ஆண்டு முடிந்தால் அவை பழைய பேப்பர் கடைக்குத்தான்.

பிற இடங்களில் இதற்கு விதி இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் 2018ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்டக் குழுவின் ஒப்புதலின்றி ஐந்து கல்வியாண்டுகளுக்குள் சீருடையை மாற்றக் கூடாது என்கிறது. குறிப்பிட்ட கடையில் வாங்கச் சொல்வதையும் தடுக்கிறது. தில்லிக் கல்வி இயக்ககம் 2022இல் மூன்றாண்டு வரம்பு விதித்து, அருகிலுள்ள ஐந்து கடைகளின் பெயரையாவது வெளியிடப் பணித்தது. பள்ளிகள் வணிக நிறுவனம் ஆகக் கூடாது என்று சி.பி.எஸ்.இ. 2017இல் சுற்றறிக்கை அனுப்பியது. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைந்த குழு நிர்ணயிப்பது கட்டணத்தை. கவுன்ட்டரில் கேட்கும் தொகை அதன் கைக்கு எட்டுவதில்லை. இந்த ஓட்டையை அடைக்க, சீருடை மாற்றத்துக்குக் குறைந்தது ஐந்தாண்டு இடைவெளியும் வெளிக்கடையில் வாங்கும் உரிமையும் சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். சிறு பள்ளிகளின் நிர்வாகச் சிரமம் கருதி, இவற்றைச் செயல்படுத்த இயன்றவரை அவகாசம் அளிப்பது பரிசீலிக்கப்படலாம் என்பது செயற்குழுவின் பெரும்பான்மைக் கருத்து.

பள்ளி விற்கும் எதையும் வாங்காமல் புறக்கணிக்கலாம் என்ற யோசனையும் விவாதிக்கப்பட்டது. விளைவு பிள்ளைகள் மேல் விழும் என்பதால் தற்போதைக்கு அது முடிவாக எடுக்கப்படவில்லை, கைவிடப்படவும் இல்லை.

செலவைக் குறைக்க இப்போதே சில வழிகள் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், அழிப்பானுக்கு ஜி.எஸ்.டி. இல்லை; பள்ளிக் கவுன்ட்டர் விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். சென்னையில் உள்ளவர்கள் சேர்ந்து வாங்கினால் பாரிமுனையின் பந்தர் தெரு, ஆண்டர்சன் தெரு மொத்தக் கடைகளில் நோட்டு மலிவாகவே கிடைக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் புத்தகம், சீருடைச் செலவு அரசின் பொறுப்பு என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்தச் செலவை அவர்களின் பெற்றோரிடம் கேட்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

பெற்றோர் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விலை எழுதிய ரசீது கேட்டு வாங்க வேண்டும். ரசீது தர மறுத்தாலோ, பிள்ளையை வெளியே நிறுத்தினாலோ, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலம் புகார் அளித்து, நகலைச் சங்கத்துக்கு அனுப்புமாறு உறுப்பினர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.