புராஸ்டேட் புற்றுநோய்: கறுப்பின ஆண்களைக் கொல்வது மரபணுவா, மருத்துவமனை வாசலா?

2024 ஜனவரி. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின் மருத்துவமனையில் இருந்தது, அதிபர் பைடனுக்கே சில நாள்கள் தெரியாது. அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய், டிசம்பரிலேயே அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது என்ற தகவல் ஜனவரி 9-ம் தேதிதான் வெளியே வந்தது. பிறகு செய்தியாளர்களிடம் மன்னிப்பு கேட்ட ஆஸ்டின், ‘கறுப்பின ஆண்களில் 6 பேரில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது, பரிசோதனை செய்துகொள்ளுங்கள்’ என்றார்.

அவர் மறைத்தது பெரிய சர்ச்சையானது. ஆனால் பலர் கவனிக்காமல் விட்ட விஷயம் வேறு. ராணுவ மருத்துவமனையில் வழக்கமாக எடுத்துவந்த பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில்தான் அவருடைய நோய் சிக்கியது. இந்த வசதி எத்தனை கறுப்பின ஆண்களுக்கு இருக்கிறது?

இடைவெளி எவ்வளவு?

அமெரிக்காவில் வெள்ளையின ஆண்களைவிட கறுப்பின ஆண்கள் இந்த நோயால் இறக்கும் விகிதம் சுமார் இரண்டு மடங்கு. இத்தனைக்கும், சுரப்பியைத் தாண்டிப் பரவுவதற்கு முன்பே கண்டுபிடித்தால், 5 ஆண்டு உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 100 சதவீதம்.

‘அது அவங்க மரபணு, என்ன பண்ண முடியும்?’

நோய் அதிகம் வருவதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் இறப்புக்கும் அதையே காரணம் காட்ட முடியுமா? 2019-ல் ‘ஜாமா ஆன்காலஜி’ இதழில் வந்த ஆய்வு, 3 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களை அலசியது. முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவ அமைப்பில், அதாவது எல்லோருக்கும் ஒரே மாதிரி சிகிச்சை கிடைக்கும் இடத்தில், கறுப்பினத்தவர் கூடுதலாக இறக்கவில்லை. உடம்பு அதேதான், மாறியது மருத்துவ வசதி மட்டும்தான்.

அப்போ எங்கே தடுக்கிறது?

முதல் தடை பணம். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு ஒரு பரிசோதனைக்கு ‘ஏ’ அல்லது ‘பி’ தரம் கொடுத்தால், காப்பீட்டு நிறுவனங்கள் அதை இலவசமாகத் தர வேண்டும். மேமோகிராமுக்கு ‘பி’. பி.எஸ்.ஏ.வுக்கோ 2018-ல் கிடைத்தது ‘சி’. அதனால் கையிலிருந்து பணம் போகலாம். நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் மட்டும் தனிச் சட்டம் போட்டு அந்தச் செலவை நீக்கியிருக்கின்றன.

‘சி’ கொடுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பி.எஸ்.ஏ. சில நேரம் வீண் பயத்தைக் கிளப்பும். தேவையில்லாத சிகிச்சையால் சிறுநீர்க் கசிவு, ஆண்மைக் குறைவு வரலாம். ஆனால் இந்த முடிவுக்கு ஆதாரமான அமெரிக்காவின் பெரிய ஆய்வில் கறுப்பினத்தவர் சுமார் 4 சதவீதம்தான். கறுப்பின ஆண்களுக்கெனத் தனிப் பரிந்துரை தரும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று 2018-ல் பணிக்குழுவே சொன்னது. ஆய்வில் சேர்க்காமல் விட்டுவிட்டு, ஆதாரம் இல்லைனு கைவிரிப்பது என்ன நியாயம்?

இரண்டாவது தடை, நம்பிக்கை. 1932 முதல் 1972 வரை டஸ்கீகீயில், சிஃபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அரசு மருத்துவர்களே வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கதை கேட்டு வளர்ந்தவரிடம் ‘ஏன் டாக்டரைப் பார்க்கலை?’ என்று மட்டும் கேட்பது போதாது.

என்ன செய்யலாம்?

கறுப்பின ஆண்கள் 40–45 வயதிலேயே முதல் பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று அமெரிக்காவின் புராஸ்டேட் புற்றுநோய் அறக்கட்டளை 2024-ல் பரிந்துரைத்தது. அதை நாடு முழுக்க இலவசமாக்க வேண்டும். ரத்தம் எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. முடிவு சந்தேகமாக இருந்தால் எம்.ஆர்.ஐ., பயாப்சி, சிகிச்சை வரை தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். லாயிட் ஆஸ்டினுக்குக் கிடைத்த அந்தப் பரிசோதனை, பேருந்து ஓட்டும் 45 வயதுக்காரருக்கும் கிடைக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினர் விஷயத்தில் செய்ய முடிந்ததை மற்றவர்களுக்கும் செய்ய அமெரிக்காவுக்கு என்ன தயக்கம்?