மங்கம்மாவின் வீடு

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு ஊர்ப்பக்கம் திரும்பினால், பூசப்படாத சுவர்களோடு நிற்கும் வீடுகளைக் காணலாம். பணம் தீர்ந்து நின்றவை சில. அயல்நாட்டிலிருந்து அடுத்த தொகை வரும்வரை காத்திருப்பவை சில. அவற்றுக்குக் கல்லும் கலவையும் சுமப்போருள் களியக்காவிளையைக் கடந்து வரும் தமிழரும் உளர். குடிபுகும் நாளில் வாயில்தூணில் வீட்டுப்பெயர் பொறிக்கப்படும். சுமந்தவர் பெயர் எங்கும் இடம்பெறாது.

அப்பெயரைத் தம் படத்தில் இடம்பெறச் செய்த கலைஞர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பில் பிறந்து புனேயில் ஒளிப்பதிவு பயின்ற அவருக்கு முதலில் புகழ் தந்தது ‘நெல்லு’ (1974) என்னும் மலையாளப் படம். பிறந்த மண்ணைப் பிரிந்து வாழ்ந்த அவர் 1988இல் வெளியிட்ட தமிழ்ப்படத்தின் பெயர் ‘வீடு’. அதில் பாடல்களும் இல்லை, சண்டையும் இல்லை. வாடகை வீட்டைக் காலிசெய்ய வேண்டிய நிலையில், சுதா என்னும் அலுவலகப் பெண் சென்னையின் புறநகரில் சிறு வீடொன்று கட்ட முனைகிறார். கடன், கையூட்டு, மழை என ஒவ்வொன்றும் வழிமறிக்கின்றன. முற்றுப்பெறாத சுவர்களைக் கண்டு மகிழ்ந்த முதிய தாத்தா, அம்மகிழ்ச்சியோடே உயிர் துறக்கிறார்.

படத்தைப் போற்றுவோர் பெரும்பாலும் இவ்விருவரையே பேசுவர். சுதாவாக நடித்த அர்ச்சனா தேசிய விருது பெற்றதும் தகுதியானதே. ஆயினும் படத்தின் முதுகெலும்பு மங்கம்மா என்னும் சித்தாள். ஒப்பந்தக்காரர் சிமெண்டைக் களவாக விற்பதை வெளிப்படுத்துபவர் அவர்; பின்னர் வேலை நின்றுபோகாமல் துணைநிற்பவரும் அவரே. அவ்வீட்டில் அவருக்கு ஒரு சாண் இடமும் இல்லை. வாய்திறந்தால் இழப்பதற்கோ அன்றாடக் கூலி உண்டு. படித்தவர் பலர் உலவும் கதையில் உண்மையைச் சொல்ல அவரைத் தெரிவு செய்ததே இயக்குநரின் பெருஞ்சிறப்பு.

இறுதியில் அந்நிலம் குடிநீர் வாரியத்துக்கு உரியதென்று தெரியவர, சிக்கல் நீதிமன்றம் செல்கிறது. இம்முடிவு சோர்வு தருவதாகச் சிலர் குறை கூறுவர்; கடன்பட்டுக் கட்டியவர் அவ்வாறு கூறார். சென்னையில் வாடகைக்கு வாழ்வோர் சுதாவையே தம்மவராகக் காண்பர். பாறசாலையில், சிமெண்ட் படிந்த கைகளோடு மாலையில் திரும்பும் தாயைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு மங்கம்மாவே முதலில் தெரிவார்.